வலது நெற்றிப்பொட்டில் ஒரு மாத்திரை

நான் இடதுகைக்காரி. பொத்தேரிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் மூளை ஸ்கேன்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை. இடதுகைக்காரர்களின் மூளை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறதா என்பதுதான் ஆய்வு. அறிவியல் ஆர்வம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். உண்மையில் அது அம்மாவோடு எனக்கிருந்த பழைய வழக்கு. சின்ன வயதில் இடது கையால் பென்சிலைத் தொட்டாலே ஸ்கேலால் ஒன்று போடுவாள். என் மூளையே அப்படித்தான் என்று ஆதாரத்தோடு அவளிடம் சொல்லியாக வேண்டும் எனக்கு.

இடதுகைக்காரர்களை நான் ஒரு மென்பொருளில் பார்த்தேன். வலதுகைக்காரர்களை உடன் வேலை செய்யும் அக்கா வேறொன்றில் பார்த்தார். ஸ்கேனிலிருந்து மூளையின் மேற்பரப்பை மட்டும் உரித்தெடுத்து, மடிப்பு மடிப்பாகக் கணினியில் விரிப்போம். இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட எல்லோரையும் ஒரே மென்பொருளுக்குக் கொண்டுவர வேண்டும். என் கோப்புகளை நானே மாற்றினேன். "ஒருவாட்டி செக் பண்ணவா?" என்று அக்கா கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதாக்கா?" என்றேன். வாய்க்கொழுப்பு.

முடிவு வந்ததும் எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு இடப்பக்கம் பெரிதாக இருந்த பகுதி, எங்களுக்கு வலப்பக்கம் பெரிது! உடனே சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு போன் போட்டேன்.

"அம்மா, எங்க மூளையே மத்தவங்களுக்கு நேர் எதிர். நீ அடிச்சது தப்பு!"

"அப்படியாடி?" என்றாள், குரல் இறங்கிப்போய். எனக்கு ஒரே குஷி.

அக்கா மட்டும் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ அழகா வராதே. கேப்சூல் எந்தப் பக்கம்னு பாத்தியா?"

ஸ்கேனுக்குப் படுப்பவரின் வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் மாத்திரையை டேப் போட்டு ஒட்டுவது எங்கள் வழக்கம். படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எதிரில் நிற்கும் டாக்டருக்கு நம் வலது கை அவருடைய இடப்பக்கம் அல்லவா? சில மென்பொருள்கள் டாக்டர் மாதிரி பார்க்கும், சில நம்மை மாதிரி. அந்தக் குழப்பத்துக்குத்தான் மாத்திரை. ஆனால் உரித்தெடுத்த மேற்பரப்பில் மாத்திரை ஏது? உரிப்பதற்கு முந்தைய ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். நான் இடது என்று பெயர் வைத்திருந்த பக்கத்தில் அது ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. என் கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் இடவலம் மாற்றிவைத்திருந்தேன்.

சரிசெய்து மறுபடி ஓட்டினோம். சொல்லிக்கொள்ளும்படி ஒரு வித்தியாசமும் இல்லை. அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். எனக்கும் சிரிப்புதான், சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கும்வரை. பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தது. ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே!

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"காலைல தப்பா சொல்லிட்டேம்மா. நான்தான் மாத்தி வெச்சிருக்கேன். எங்க மூளையும் எல்லார் மாதிரியேதான் இருக்கு."

அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லார் மாதிரியேதான் இருக்கா? அப்ப உன்ன எதுக்குடி அடிச்சேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோசை கருகி வீடெல்லாம் புகை வந்தபிறகுதான் கையை விட்டாள்.