விளையாட்டுப் பக்கத்துக்கு மாற்றியது

சுவிற்சர்லாந்தின் துன் நிலையத்தில் சூரிச் ரயிலுக்கு நிற்கிறேன். இலவசப் பத்திரிகைப் பெட்டியருகே சியர்லீடிங் ஆட்டக் குழுவின் பாவாடை உடையில் நாலு பிள்ளைகள், தங்கள் படம் வந்த தாளை ஒவ்வொரு பிரதியிலிருந்தும் உருவி, அதே பிரதியின் விளையாட்டுப் பக்கத்துக்குள் செருகுகிறார்கள். ஒருத்தி தமிழ்ப் பிள்ளை.

“ஏன் பிள்ளை?”

“அழகுக் குறிப்புப் பக்கத்தில போட்டிட்டினம், ஐயா. நாங்கள் ஆளைத் தூக்கி எறிஞ்சு பிடிக்கிறம். அவை பாவாடையைப் பற்றி எழுதியிருக்கினம்.”

ஐந்தாம் வகுப்போடு நின்று ஆறு லொறி வாங்கியவன் நான். “ஆறு லொறி ஓட விடுறன், என்ர பேர் ஒருநாளும் பேப்பரில வரேல்லை. உங்கட படம் வந்ததே பெரிசு,” என்கிறேன்.

“உங்கட லொறியின்ர பெயின்டை மட்டும் எழுதினா விடுவீங்களோ?”

விடமாட்டேன்.

“அப்பா இப்ப வேலை முடிஞ்சு வந்து இந்தப் பெட்டியில ஒரு பேப்பர் எடுப்பார். விளையாட்டுப் பக்கம் மட்டும்தான் பார்ப்பார். இதுவும் விளையாட்டு எண்டு நம்பினால்தான் நாளைக்குப் போட்டிக்கு விடுவார்.”

பெட்டியில் இன்னும் பாதி கிடக்கிறது. பையைக் கீழே வைக்கிறேன். என் ரயில் வந்து போகிறது. செருகும் வேகத்தில் இந்த நாலு பேரும் எனக்குக் கிட்ட நிற்க முடியாது.