காலி பெல்ட்டும் நான் அழித்த ரெசிஸ்டரும்

மழையில் நனைந்த சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு வாசனை உண்டு. வெள்ளையடித்த மறுநாள் வீட்டுக்குள் நுழைந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் டிரெய்னி இன்ஜினியராகச் சேர்ந்தேன். அந்த ஐப்பசி முழுக்க என் சுடிதாரில் அந்த வாசனைதான்...

வேலைக்குச் சேரும்போதே எனக்குள் ஒரு குழப்பம் இருந்தது. பெரம்பலூரில் காலேஜ் படித்தபோது ஈக்குவலன்ட் சர்க்யூட் நடத்தினார்கள். மோட்டாரை மோட்டாராக வரைய மாட்டார்கள். அதற்குப் பதிலாகக் கரண்டைத் தடுக்கும் ரெசிஸ்டர் நாலைந்து, கம்பிச் சுருள் இரண்டு மூன்று. அந்தப் படத்துக்குக் கணக்குப் போட்டால், நிஜ மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று வந்துவிடும். ஆனால் படத்தில் எதுவுமே சுற்றாது.

"சுத்துறது எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

"கடைசியா ஒரு ரெசிஸ்டர் இருக்குல்ல, அதுதாம்மா. மோட்டார் இழுக்குற லோடு பூரா அதுக்குள்ள இருக்கு. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். மார்க்கும் வந்தது. கல் சுமந்து போகும் ஒரு பெல்ட் எப்படி ஒரு ரெசிஸ்டருக்குள் போய் உட்காரும் என்பது மட்டும் புரியவில்லை.

ஆலையில் கல் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டின் மோட்டார் எரிந்து, ஜெயங்கொண்டத்தில் பஷீர் பாய் கடையில் உள்ளே புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டி வந்திருந்தது. பல வருஷமாக எங்கள் ஆலைக்கு அவர்தான் கட்டித் தருவார். மாட்டிய மூன்றாம் நாளே கரண்ட் எகிறி, டிரிப் ஆகி நின்றது. மறுபடி போட்டால் அரை மணி நேரத்தில் மறுபடி டிரிப்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "புதுசா படிச்சிட்டு வந்துருக்கீங்க. செக் பண்ணி ஒரு ரிப்போர்ட் குடுங்க."

பெல்ட்டில் கல் போடுவதை நிறுத்தச் சொன்னேன். பெல்ட் காலியாக ஓடியது. வோல்டேஜ், கரண்ட், பவர் எல்லாம் குறித்தேன். காலி பெல்ட் என்றால் லோடு இல்லை. லோடு இல்லையென்றால் அந்தக் கடைசி ரெசிஸ்டரைப் படத்திலிருந்து எடுத்துவிடலாம், புத்தகத்தில் அப்படித்தான். அதை அழித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். மோட்டாருக்குள்ளேயே ஏகப்பட்ட பவர் வீணாவதாக வந்தது.

காயில் கட்டியது சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் என் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கே பஷீர் பாய்க்குப் போன் போனது, இனிமேல் வேலை அனுப்ப மாட்டோம் என்று. மோட்டாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஸ்பேர் மோட்டார் மாட்டினோம். அரை மணி நேரம் ஓடியது... அதுவும் டிரிப்.

கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தப்பே இல்லை. பிறகு, மெக்கானிக்கல் ஃபிட்டர் செபாஸ்டின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பெல்ட் ஓரமாகவே நடந்தேன். கடைக்கோடியில், பெல்ட் திரும்பி வரும் உருளையில் ஈரக் களிமண் அப்பி, இறுகி, இரும்புச் சட்டத்தோடு உரசிக்கொண்டிருந்தது. மிஷினை நிறுத்திவிட்டு அண்ணன் கடப்பாரையால் குத்தினார். பெயரவில்லை.

"காலி பெல்ட்டுன்னு சொன்னீங்களே மேடம்... அது இதையும் சேர்த்துல்ல இழுத்துக்கிட்டு இருந்துருக்கு."

லோடு இல்லை என்று நான் அழித்தேனே, அந்த லோடு அங்கே கல்லாகக் கிடந்தது.

புரிந்ததை அவரிடம் சொன்னேன். லோடு கூடினால் மோட்டார் வேகம் கொஞ்சம் குறையும். வேகம் குறைந்தால் படத்தில் அந்த ரெசிஸ்டரின் மதிப்பும் குறையும். அதனால் கரண்ட் கூடும்.

"இழுக்க கஷ்டமா இருந்தா ரெசிஸ்டன்ஸ் கூடத்தானே மேடம் செய்யும்? எப்படி கொறையும்?"

ஃபார்முலா ஒரு பக்கம், என் மனசு அவர் பக்கம்.

மண்ணைச் சுரண்டி எடுத்ததும் மோட்டார் ஒழுங்காக ஓடியது. மேனேஜரிடம் போய், என் ரிப்போர்ட் தப்பு என்றேன்.

"அப்ப அந்தப் படம் தப்பா?"

"படம் சரிதான் சார். நான் போட்ட விதந்தான் தப்பு."

அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. பாய்க்குப் போனில் சொல்லிவிடலாம் என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் அந்த மோட்டார் பிரிந்து கிடந்தது. தன் கையால் கட்டிய காயிலைப் பஷீர் பாய் தானே அறுத்து, செம்புக் கம்பியைத் தரையில் பரப்பி வைத்திருந்தார்.

"இத்தன வருசமா கட்டுறேன். இன்ஜினியர் படம் போட்டு சொல்லிட்டாங்கன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சும்மா. நாலு நாளா தேடுறேன், ஒண்ணும் அகப்படல."

"உங்க மேல தப்பே இல்லைங்க பாய். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். "இதுல நான் கட்டுனது எது?" என்றார். ஒரு ரெசிஸ்டரையும் ஒரு சுருளையும் தொட்டுக் காட்டினேன்.

"இம்புட்டுதானா?"

படத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சரி, உக்காருங்க. டீ சொல்றேன். மறுபடி கட்டிருவோம், இன்ஷா அல்லா."

மதியம் வரை அங்கேயே உட்கார்ந்து, அவர் கம்பி சுற்றுவதைப் பார்த்தேன். ஆலை மறுபடி அவருக்கு வேலை அனுப்பியது. நான் ஆலையை விட்டுக் கிளம்பும் வரைக்கும் அவர் கட்டிய அந்த மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது பெங்களூரில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிக்கு ஈக்குவலன்ட் சர்க்யூட் போடுகிறேன். மூன்று ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர். வண்டி இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று அதை வைத்துத்தான் திரையில் காட்டுகிறோம். "உள்ள நடக்குறதுல எது மேடம் இந்த கெபாசிட்டர்?" என்று டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் போன வாரம் கேட்டாள். எனக்குப் பாதிதான் தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. சாஃப்ட்வேர் நொடியில் மதிப்புகளைக் கொடுத்துவிடுகிறது. நம்பர் பொருந்தினால் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்...

அன்றைக்கு என் கணக்கு யாரைச் சாய்த்தது என்று தெரிந்தது. ஒரு பஸ் பிடித்துப் போய் அவர் முன்னால் நிற்க முடிந்தது. இன்றைக்கு என் படம் தப்பாக இருந்தால், நடுவழியில் வண்டி நின்றுபோய் நிற்பவர் யார், எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது.