ஊறப்போட்ட மட்டை

கோல்ஃப் என்ற பேரைக் கேட்டாலே எனக்கு அந்த ஒரு ஆட்டம்தான் ஞாபகம் வரும். ஆடியது நானில்லை, என் வீட்டுக்காரர். ஜவ்வாது மலையில் அவர் ஃபாரஸ்ட் ரேஞ்சராக இருந்தார். எப்போதாவது மேலதிகாரி ஜீப்பில் வருவார், கோல்ஃப் பைத்தியம். ஃபாரஸ்ட் பங்களாவை ஒட்டிய புல்தரையில் பால் டப்பாக்களைப் புதைத்தால் அதுதான் குழி. எவனோ வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய மட்டைகள் பங்களாவில் கிடந்தன. காம்பும் மரம், தலையும் மரம். கூட ஆட ஆள் வேண்டுமே, இவரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த முறை அவர் வரவிருந்தபோது எனக்கு எட்டு மாதம். முதல் பிரசவத்துக்கு என்னை டோலியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியிலேயே பிறந்து, பிறந்த இடத்திலேயே போய்விட்டது பிள்ளை. இந்த முறை வலி வருவதற்கு முன்பே அடிவாரத்து ஒடுகத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். மறுபடி டோலியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பஸ் கிடையாது. இருந்த ஒரே வழி அதிகாரியின் ஜீப். அதில் என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி இவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

"வந்ததும் கேட்டுடுங்க" என்றேன்.

"இரு, இரு. ஆட்டத்துல ஜெயிச்சார்னா குஷியா இருப்பார். அப்போ கேக்கறேன்."

அதற்காகத் தோற்கப் பழகினார். கட்டிய பெண்டாட்டிக்காகத் தோற்பதற்கும் ஒத்திகை பார்த்த ஆள் இந்த உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

அதிகாரிக்குப் பிடித்த பெரிய மட்டையின் தலை லேசாக ஆடியது. இவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பங்களா காவல்காரர்தான் யோசனை சொன்னார்: "மம்மட்டிக் காம்பு ஆடுனா தண்ணியில ஊறப்போடறதில்லீங்களா? மரம் உப்பிக்கினு கப்புனு புடிச்சிக்கும்."

ஊறப்போட்டார்கள். மறுநாள் காலையில் தலை அசையவே இல்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அது மம்மட்டி மாதிரி வெறுமனே செருகியதில்லை, பசை போட்டு ஒட்டியது என்று யார் கண்டது?

அதிகாரி வந்தார், ஆட்டம் தொடங்கியது. நான் வராந்தாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மட்டை நன்றாகத்தான் அடித்தது. இவரும் ஒழுங்காகத் தோற்றுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குழி முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். 'கேளுங்க' என்று ஜாடை காட்டுவேன். 'அடுத்ததுல' என்று தலையை ஆட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெயில் ஏறியது. பசை முன்பே தண்ணீரில் கரைந்திருக்கும், இப்போது மரமும் காய்ந்து சுருங்கிவிட்டது போல. அதிகாரி மட்டையை ஓங்கி வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டையின் தலை மட்டும் பறந்து போய்ப் புதரில் விழுந்தது.

"யாருய்யா இதைத் தொட்டது?"

இவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. போச்சு, ஜீப்பும் போச்சு என்று நினைத்தேன். செருப்புகூடப் போடாமல் இறங்கி நடந்தேன்.

"ஊறப்போட்டது இவர்தாங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "நல்லதுன்னு நெனச்சிதான் போட்டார். திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க. மொதப் புள்ளைய வழியிலயே பறிகொடுத்தவ நான். எங்கம்மா வூட்டுக்குப் போவ உங்க ஜீப்புல எடம் வேணும். அதைக் கேக்கறதுக்குத்தான் இவரு காலையிலேர்ந்து தோத்துக்கினு இருக்காரு!"

அதிகாரி கையிலிருந்த மொட்டைக் காம்பையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நான் ஜெயிக்கவே இல்லையாய்யா?" என்றார்.

காம்பைக் கீழே போட்டார்.

"போய்த் துணிமணி எடுத்துக்கோம்மா" என்றவர் இவர் பக்கம் திரும்பினார். "நீ இங்கேயே இரு. சந்தனக்கட்டை திருடறவங்க நடமாட்டம் இருக்கு. ரேஞ்சை விட்டு நகரக் கூடாது."

காவல்காரரின் மனைவியைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. இவர் கொஞ்ச தூரம் பக்கத்திலேயே ஓடிவந்தார்.

ஒடுகத்தூரில் மகள் பிறந்தாள். சேதி சொல்லி அனுப்ப மலைக்குப் போகிற ஆள் ஒருவரும் அகப்படவில்லை. லீவு கிடைத்ததும் இவர் நடந்தே இறங்கி வந்திருக்கிறார். காலெல்லாம் முள் கீறியிருக்க, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் படுத்திருந்தேன். தொட்டிலில் சத்தமே இல்லை. தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. அவ்வளவு தூரம் வந்த மனிதருக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.

"உயிரோடதாங்க இருக்கா, தூங்கறா" என்றேன். "உள்ள வாங்க."