ரோட்டுக்கு அடியில் ஓர் ஏப்பம்

ரோட்டைக் கீறாமல், அதன் அடியில் படுக்கைவாட்டில் துளை போட்டுக் குழாய் இழுப்பதுதான் எங்கள் தொழில். மேலே இருப்பவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்று வேறு சொல்லிக்கொள்வோம். இதே வேலையில் இருப்பவர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள்.

நான் ஆபீஸில் போன் எடுத்துக்கொண்டிருந்தவள். மயிலாப்பூர் சைட்டை முதன்முதலாக என்னை நம்பி விட்டபோது இன்ஜினீயர் சார் சொன்னார்: "ஒழுங்கா முடிச்சா அடையாறும் உனக்குத்தாம்மா. புகார் வந்துச்சு, மறுபடியும் போன்தான்."

வெள்ளை வேட்டி

துளைக் கம்பி வழியாகச் சேற்றுத்தண்ணீரை உள்ளே அடிப்போம். அது மண்ணை அள்ளிக்கொண்டு எங்கள் குழிக்கே திரும்ப வேண்டும். நேராக இறங்கும் போர்வெல் என்றால், உள்ளே போன காற்று தானாக மேலே ஓடிவிடும். படுத்திருக்கும் துளையில் அது கூரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் அடியில் ஊரும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு இரண்டும் சேர்ந்து 'பளக்' என்று பாயும்.

அன்றைக்குப் பாய்ந்தது, குழியை எட்டிப் பார்த்த ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டியில். முதல் புகார் வந்துவிட்டது என்று நினைத்துக் கைகூப்பி நின்றேன். மெஷின் ஓட்டும் மாரியண்ணன் அசையவே இல்லை. பெரியவரிடம் சொன்னார்: "மெஷின் ஏப்பம் வுட்டுகினு கீது, நைனா. நீ இன்னாத்துக்குக் கிட்ட வந்த?"

சைக்கிள் டியூப்

படுத்துக்கொண்டே பால் குடித்தால் என் பையனும் இப்படித்தான், காற்றை விழுங்கிவிட்டுக் கக்குவான். மெஷின் எங்கே விழுங்குகிறது? பம்பிலிருந்து ஹோஸைத் தடவிக்கொண்டே போனேன். சேற்றை உறிஞ்சும் இடத்தில் இணைப்பு லூஸ். காலையிலிருந்து மூன்று தடவை கேட்டிருந்தேன். மூன்று தடவையும் "டைட்டா கீது" என்றவர் மாரியண்ணன். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றினேன். ஏப்பம் நின்றது. அண்ணன் தலையாட்டினார்: "அதான்மா நானும் சொல்லலாம்னு இருந்தேன்."

வறண்ட கிணறு

உள்ளே ஏற்கெனவே அடைபட்ட காற்றோ, அதற்குள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. ரோட்டோர வீட்டு மாமி மூச்சுவாங்க ஓடிவந்தார். வருஷக்கணக்காக வறண்டு கிடந்த கிணற்றில் குமிழி விட்டுக்கொண்டு தண்ணீர் ஏறுகிறதாம்!

எட்டிப் பார்த்தேன். எங்கள் சேறேதான். கிணற்றுச் சுவரில் அதற்குள் குங்குமம் வைத்தாகிவிட்டது. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "மாமி, இது ஊற்று இல்லை, எங்க சேறு" என்று நாலு தடவை சொன்னேன். மாமி காதிலேயே வாங்கவில்லை. "ஏண்டி மெஷினை நிறுத்தச் சொல்றே? ஊத்து நின்னுடப் போறது!"

வாசலில் சேறு

ஆள் இறக்கி, கிணற்றை வாளி வாளியாக இறைத்தோம். சேற்றோடு பழைய பந்து, உடைந்த குடை, பிளாஸ்டிக் எல்லாம் ஏறி வந்தன. பிறகு மெஷினை மறுபடி ஓட்ட, குழாயும் ஒருவழியாக எதிர்ப்பக்கம் தலையை நீட்டியது. அந்த நேரம் பார்த்து சார் வந்தார். மாமி வீட்டு வாசலில் குவிந்த சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடையாறு போச்சு என்று நினைத்து நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்: "குப்பையெல்லாம் போய்க் கிணறு பளிச்னு ஆயிடுத்து. அடையாறுல என் தங்கை ஆத்துக் கிணறும் இப்படித்தான் கிடக்கு. இவளையே அனுப்புங்கோ, சேறு வந்தாலும் பரவாயில்லை!"

அடையாறு எனக்கே கிடைத்தது, கூடவே மாமியின் தங்கை வீட்டுக் கிணறும். இந்தத் தொழிலில் புகாரைவிடப் பாராட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது.