கழுவி அடுக்கிய எலும்புகள்

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். கிணறு வெட்டுவது தொழில். இறுப்பிட்டியில் ஒரு கிணற்றுக்குள் சுண்ணக்கல்லோடு ஒட்டியபடி எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. செய்தி கேட்டு, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் பெண் ஒருவர் வந்தார். குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, மனிசரே இல்லாத காலத்துக் கடல் முதலை இது" என்றார். பின்னேரம்வரை என்னோடு கதைத்தார். எந்தப் பெண்ணும் என்னோடு அவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

"அடுத்த கிழமை வாறன். கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ."

அவர் திரும்பவும் குழிக்குள் இறங்கிக் கஷ்டப்படக் கூடாதென்று, அலவாங்குக் கம்பியால் எலும்புகளைப் பெயர்த்தெடுத்து, கழுவி, பாயில் அடுக்கினேன். வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டேன்.

"என்ன அண்ணை, பொம்பிளை பாக்கவோ?" என்று என்னோடு வேலை செய்யும் ராசன் சிரித்தான்.

வந்தவர் பாயைக் கண்டதும் அப்படியே குந்திவிட்டார். "கல்லுக்குள்ள கிடந்தபடி கிடந்தால்தானே அண்ணை ஏதும் அறியலாம்" என்றார் மெதுவாக. நான் சாக்கொன்று எடுத்துவந்து கொடுத்தேன். எலும்புகளைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். பிறகு வரவேயில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கிணற்றிலும் அலவாங்கைப் போடுமுன் கல்லைக் கையால் தடவிப் பார்க்கிறேன். எலும்பு தெரிந்தால் தொடமாட்டேன்; அவருக்குத்தான் செய்தி அனுப்புவேன். வாங்கோ என்று அவரைக் கூப்பிட எனக்கு வேறு காரணம் இல்லை.