என் அளவுக்கு ஒரு துவக்கு

என் உயரம் நாலடி பதினொரு அங்குலம். குதிகால் வெடிப்பையும் சேர்த்து அளந்தால் ஐந்தடி வரும் என்பார் என் கணவர். பக்கத்துப் பண்ணைக்காரரிடம் நான் வாங்கிய துவக்கோ, நீளத் துப்பாக்கி; நிமிர்த்தி வைத்தால் என் கழுத்தளவுக்கு நின்றது.

மெல்பேர்ன் புறநகரான ரோவிலில் இருந்த வீட்டை மகளிடம் விட்டுவிட்டு, கிழக்கே ஒன்றரை மணித்தியாலம் தள்ளிக் காணி வாங்கி ஆடு வளர்க்கப் போனது எங்கள் சொந்தப் புத்தியால்தான். நான் முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்தவள். அவர் ரெயில் ஓட்டினவர். மெல்பேர்ன் தமிழர்கள் ஆட்டிறைச்சி தின்னும்வரை எங்களுக்குக் குறைவில்லை என்று நம்பினோம். நரிகளுக்கும் ஆட்டிறைச்சி பிடிக்கும் என்பதை யோசிக்கவில்லை.

முதல் குளிர்காலத்திலேயே குட்டிகள் போகத் தொடங்கின. விடியக் கொட்டிலுக்குப் போனால் தாய் ஆடு நின்று கத்தும், குட்டி இருக்காது. வேலிக்கு மின்சாரம் கொடுத்தோம். விளக்குப் பூட்டினோம். நரி மனிதக் குரலுக்குப் பயப்படும் என்று யாரோ சொல்ல, என் கணவர் ஒரு பழைய வானொலியைக் கொட்டிலில் தொங்கவிட்டுத் தமிழ் நிகழ்ச்சியைப் போட்டார். நரி செய்தி முழுவதையும் கேட்டுவிட்டு இரண்டு குட்டிகளைக் கொண்டுபோனது.

பக்கத்துப் பண்ணைக்காரர் எண்பது வயது வெள்ளைக்காரர். தோளில் சத்திரசிகிச்சை செய்தபிறகு அவருக்குத் துவக்குத் தூக்க முடியவில்லை. தன்னுடையதை முறைப்படி எனக்கு விற்க முன்வந்தார். முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் 'பம்ப் அக்‌ஷன்' துவக்கு அது. இந்த நாட்டில் எல்லோருக்கும் அதைக் கொடுக்க மாட்டார்கள். விவசாயம் செய்கிறவர்கள் காரணம் காட்டி அனுமதி எடுக்க வேண்டும்.

என் கணவர் தொடவே மாட்டேன் என்றார்.

"ஊரில அதுக்கு முன்னால ஓடினது காணும். இஞ்ச வந்து அதுக்குப் பின்னால நிக்க என்னால ஏலாது. உமக்கு வேணுமெண்டால் நீர் எடும்."

எடுத்தேன். பாதுகாப்பு வகுப்பில் இருந்த பதினைந்து பேரில் சேலை கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். துவக்கோடு முன்பு ஏதும் அனுபவம் உண்டா என்று வகுப்பு நடத்தியவர் கேட்டார். "உண்டு, மற்றப் பக்கத்தில் நின்று" என்றேன். அவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நானும் கூடச் சிரித்துவைத்தேன்.

லைசன்ஸ் வந்தது, துவக்கும் வந்தது, பிறகுதான் கரைச்சல். தோளில் வைத்தால் என் கை முன்கட்டைக்கு எட்டாது. எட்டி இழுத்தால் துவக்கின் பின்புறம் தோளை விட்டுக் கழன்று அக்குளுக்குள் போய்விடும். குழல் நீளமோ நீளம். கொட்டிலுக்குள் திரும்பினால் வானொலியில் இடிக்கும். ஒருநாள் யூட் வாகனத்திலிருந்து இறக்கும்போது பக்கக் கண்ணாடி உடைந்தது. நரி வேலியடியில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்தது.

குழலைக் குறைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது என் கணவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டார்.

"குழலை வெட்டிறது வங்கியில கொள்ளையடிக்கிறவங்கள் செய்யிற வேலை. பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள்."

"அப்ப கேட்டுப் பாப்பம்."

"ஆரை?"

"பொலிசைத்தான்."

அவர் கதிரையில் போய் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டார். லைசன்ஸ் கொடுக்கும் பிரிவுக்கு நான் போன் எடுத்து, நான் கட்டையான பெண், என் துவக்கு நீளம், அதைக் கட்டையாக்கலாமா என்று கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் என் பெயரையும் லைசன்ஸ் இலக்கத்தையும் கேட்டு எழுதினாள். பிறகு நிதானமாக விளங்கப்படுத்தினாள். குழலுக்கும் ஓர் அளவு, மொத்த நீளத்துக்கும் ஓர் அளவு சட்டத்தில் உண்டு. அதற்குக் கீழே போகக்கூடாது. அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம் மட்டும் கொடு. கடைசியாக, "வீட்டில் வாளால் அறுத்துவிடாதே" என்றாள். நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன். என்னுடைய குரலில் அவளுக்கு என்ன கேட்டதோ தெரியவில்லை.

துவக்குத் திருத்துநர் கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிவிட்டு வேலை செய்கிற மனிதர். என்னை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். முழங்கையை மடக்கச் சொல்லி, அங்கிருந்து விரல்வரை நாடாவால் அளந்து எழுதினார். பிறகு தோள், பிறகு கழுத்து. எனக்குப் பிளவுஸ் தைக்கிற அன்ரிகூட இவ்வளவு கவனமாக அளந்ததில்லை. அவ தைத்தது ஒன்றும் எனக்குச் சரிவந்ததும் இல்லை.

"இரண்டு பக்கமும் நீளம்" என்றார். "தோளில் வைக்கிற மரக்கட்டை உன் கைக்கு நீளம். குழல் உன் வேலைக்கு நீளம். இரண்டையும் குறைத்தால் மொத்த நீளமும் குறையும், அதனால் பார்த்துத்தான் குறைக்க வேண்டும்."

சுவரில் இருந்த ஒரு படத்தில் மிகக் கட்டையான துவக்கு ஒன்று இருந்தது. அவ்வளவு போதும் என்று காட்டினேன்.

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நரியிடம் பணப்பையைக் கேட்கப் போகிறாயா?"

பழைய குழலை அவர் வெட்டவில்லை. நல்ல குழல், அறுப்பது பாவம் என்றார். அதே துவக்குக்கென்று தொழிற்சாலையில் செய்த கட்டைக் குழல் ஒன்றை எடுப்பித்து மாட்டினார். மரக்கட்டையில் மட்டும் ஒரு துண்டை அறுத்து, முனையில் ரப்பர் வைத்தார். எல்லாம் முடிந்ததும் மொத்த நீளத்தை அளந்து, சட்டம் கேட்கும் அளவுக்கு மேலே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று காட்டி, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். தோளில் வைத்துப் பார்த்தேன். கை எட்டியது. என் வாழ்க்கையில் காசு கொடுத்து வாங்கி என் அளவுக்குச் சரியாக இருந்த முதல் சாமான் அது.

மகளுக்குப் படம் அனுப்பினேன். "அம்மா, திஸ் இஸ் நொற் நோர்மல்" என்று பதில் வந்தது.

துவக்கைப் பூட்டி வைக்கும் பெட்டகத்தைச் சோதிக்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். வருவதாக முன்பே அறிவித்திருந்தார்கள். நான் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். என் கணவர் கார் சத்தம் கேட்டதும் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். பொலிஸ்காரர் வாசலில் நின்று, வீட்டில் துவக்கு ஏதும் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் வாய் தன்பாட்டில் "நோ" என்றது.

அவர் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். "உன் பெயரில் ஒன்று பதிந்திருக்கிறதே."

ஊரில், சண்டைக் காலத்தில், சீருடை போட்டவன் அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. இருபது வயதில் பழகிய பதில். அதை இந்தப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? மன்னிப்புக் கேட்டு, உள்ளே கூட்டிப் போய்ப் பெட்டகத்தைத் திறந்து காட்டினேன். தோட்டா வேறு பெட்டியில் பூட்டியிருந்ததையும் பார்த்தார். திருத்துநரின் கடிதத்தை வாசித்தார். தானும் ஒருமுறை நாடாவால் அளந்தார். எல்லாம் சரி என்று எழுதிவிட்டு, நாலு ரோல்ஸ் சாப்பிட்டார். கார் போன பிறகும் என் கணவர் குளியலறையைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அடுத்த கிழமை ஒரு விடியற்காலை, நரி வேலிக்குக் கீழால் நுழைவதைக் கண்டேன். துவக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய், முன்கட்டையை இழுத்துத் தள்ளினேன். சளக், சளக். நரி ஓடவில்லை. எனக்குப் பின்னால்தான் தொப்பென்று சத்தம் கேட்டது. புழுக்கை வாளியோடு வந்துகொண்டிருந்த என் கணவர் முகங்குப்புற விழுந்து, இரண்டு கையாலும் பின்தலையை மூடியபடி கிடந்தார். வாளி அவர் முதுகில் கவிழ்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் எழும்பாததைக் கண்டதும் நின்றுவிட்டது. துவக்கை வெறுமையாக்கித் தூரத்தில் வைத்துவிட்டு வந்து, பக்கத்தில் குந்தினேன்.

"நான்தானப்பா."

"தெரியும்" என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "எனக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியேல்லை."

அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் செய்தோம். தோட்டா ஏற்றுவதற்கு முன்னால் நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு விடியலும் நான் கொட்டிலடியில் நின்று, மகள் பிறந்த நாள் முதல் அவரைக் கூப்பிடுவதுபோல, "அப்பா, ஏத்தப் போறன்" என்று கத்துவேன். அவர் குசினிக்குள் இருந்து "ஓம்" என்பார். நரி இரண்டையும் கேட்டுவிட்டுப் போய்விடும். வானொலிக்குப் பயப்படாத நரி எங்கள் இரண்டு பேரின் குரலுக்குப் பயந்தது. அந்தப் பருவத்தில் பிறகு ஒரு குட்டிதான் போனது. எத்தனை நரி சுட்டாய் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். என் குறி மோசம் என்று அவர் ஊர் முழுக்கச் சொன்னார்.

அடுத்த குளிர்காலம் என் கணவர் ஒருநாள் தானாக வெளியே வந்து, என் பக்கத்தில் நின்றார். இரண்டு காதுக்கும் பாதுகாப்புக் கவசம் போட்டிருந்தார். ரெயில்வேயில் கொடுத்தது. நரி கொட்டில் வாசலில் நின்றது. நான் கத்த வாயெடுத்தேன். அவர் தலையாட்டித் தடுத்தார்.

"சொல்லாதேயும். ஏத்தும்."

ஏற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் நின்ற இடத்தில் நின்றார். ஒரே வெடி. நரி விழுந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தோம். நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு வருசம் எங்களை ஆட்டிவைத்தது இதுதானா என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவர் மண்வெட்டி எடுத்துவந்து வேலிக்கு அப்பால் கிடங்கு வெட்டினார். காணும், இவ்வளவு ஆழம் போதும் என்று நான் சொன்னபிறகும் வெட்டினார். நரிக்கு எதற்கு ஆறடி என்று கேட்டேன்.

"ஆழமாய்ப் புதைக்காட்டால் நாய் கிளறும்" என்றார்.

எங்களிடம் நாய் இல்லை. நாய் கிளறியது ஊரில், சண்டைக்குள் அவசரமாகப் புதைத்த கிடங்குகளை. அவர் முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன்.