கொல்லையில் இருந்தவளை அக்கா வழியனுப்பிய விதம்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் சபையில் பாதிப் பேர் காதோடு காதாகப் பேசியதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா திருநெல்வேலிச் சீமையில் ஒரு செம்மணல் தேரிக்காட்டு ஊரில், ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளையின் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். அத்தானுக்குச் சுரங்கத்தில் வேலை பெர்மனன்ட் ஆனதும் நெய்வேலிக்கு வந்தார். எனக்கும் இங்கே ஆசிரியை வேலை கிடைத்தது; அவர்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கினேன். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்லி யார் முன்னும் அவர் கண் கலங்கியதில்லை.

சுண்ணாம்பு வாசனை மாறாத புது வீடு. மாலையானால் கொல்லையில் மட்டும் மஞ்சளும் தாழம்பூவும் மணக்கும். அங்கே இருந்ததோ ஒரு முருங்கைக் கன்று. யாரும் குளிக்காத நேரத்தில் துவைக்கும் கல்லின் மேல் சின்ன ஈரக் கால்தடம் தெரியும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மூக்கு என்னுடையதாயிற்றே. சொன்னால் அக்கா, "ஏட்டி, சும்மா கெட, ஜெபம் பண்ணிட்டுப் படு" என்பார்.

ஒரு நாள் அஞ்சலையம்மாள் வாசலில் வந்து நின்றார். நகரியம் கட்ட நிலம் எடுத்தபோது ஊரை விட்டுக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் போய்க் குடியேறியவர்; இங்கேயே கான்ட்ராக்டில் மண் சுமந்துகொண்டிருந்தார்.

"யம்மா, உங்க துவைக்கிற கல்லு கெடக்குதே, அதுக்கு அடியிலதாங்க எங்க கெணறு இருந்துச்சி. மண்ணைப் போட்டுத் தூத்துட்டாங்க. எங்க வூட்டுக்காரரு தங்கச்சி, கல்யாணம் நிச்சயமான பொண்ணு, அதுல வுழுந்து செத்துப்போச்சி. அதுதாங்க எங்க வூட்டுத் தெய்வம், பூவாடைக்காரி. வூட்ல கல்யாணம்னா மொதல்ல அதைத்தான் கெணத்துலேர்ந்து அழைச்சாரணும். எம்மவளுக்குத் தை மாசம் கல்யாணம். அது வராம தாலி ஏறாதுங்க."

அக்கா யோசிக்கவில்லை. "கும்புடுறது நீங்க. கொல்லைதான நம்மது? வாங்க" என்றார்.

சாயங்காலம் கல்லருகே கலசம் வைத்துப் பம்பை அடித்தார்கள். பூவாடைக்காரி வந்தால் கலசம் கனக்குமாம். கனக்கவில்லை. பம்பைக்காரப் பெரியவர் அக்காவைப் பார்த்தார்.

"இத்தினி நாளா உங்க நெழல்ல இருந்துகினு இருக்குது. வூட்டுப் பொம்பளை நீங்க 'போ'ன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் கெளம்பும். 'போயிட்டு வா'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, திரும்பி வந்துடும்."

அஞ்சலையம்மாளின் மகள் சுவரோரம் நின்று அழுதாள். அக்கா அவர்களை மறுநாள் வரச் சொன்னார். அதற்குள் செய்தி போய்ச் சபை மூப்பர் வந்துவிட்டார்.

"அதுகிட்ட ஒரு வார்த்தை பேசினாலும் அது விக்கிரக வணக்கம்தாம்மா. பேசினீங்கன்னா அப்புறம் திருவிருந்துக்கு வராதீங்க."

காய்ச்சலோடு போயாவது திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்கிவிட்டு வருகிறவர் அக்கா. அத்தானும், "நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

"நான் அவகிட்ட ஒண்ணும் கேக்கலியே அத்தான்? வேண்டிக்கிட்டாத்தான கும்புடுறது? ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் நின்னு போவும், நான் வாய மூடிக்கிட்டு அப்பம் வாங்கித் திங்கவா?" என்று அக்கா கேட்டார்.

மறுநாள் பம்பை மறுபடி முழங்கியது. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கல்லருகே போனார். 'போ' என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற பெண்ணிடம் வெறும் 'போ' என்று சொல்லிப் பழகாத வாய்.

"போயிட்டு வாம்மா" என்றார்.

பம்பை நின்றது. கலசத்தோடு அஞ்சலையம்மாளின் இரண்டு கைகளும் தரையை நோக்கி இறங்கின. இரண்டு ஆண்கள் ஓடி வந்து தாங்கித்தான் தூக்க முடிந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதுவரை கொல்லையில் எந்த மணமும் இல்லை. மறுவீடு முடிந்த வாரத்தில் கல்லின் மேல் மீண்டும் ஈரத் தடம். இந்த முறை கால்விரல்கள் எங்கள் அடுக்களைப் பக்கம் திரும்பியிருந்தன. அக்கா அரிசி களைந்துகொண்டே, "வந்துட்டா" என்றார்.

மூப்பர் பேச்சைக் கேட்டுச் சபைப் போதகர் ஐயரும் அக்காவுக்குத் திருவிருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார். அக்கா ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. கடைசி வரிசையில் இருந்து, மற்றவர்கள் எழுந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

காமாலை முற்றி அக்கா படுக்கையில் விழுந்த பிறகு, ஐயர் தாமாகவே அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு வந்தார். ஜெபத்தை நடுவில் நிறுத்தி, "யாரும்மா தாழம்பூ வச்சிருக்கது?" என்று கேட்டார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். என் தலையில் பூ இல்லை.

"எங்க வீட்டுப் பிள்ளைதான் ஐயா. நீங்க குடுங்க" என்றார் அக்கா.

ஐயர் கொல்லைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். ஆனாலும் கொடுத்தார். அக்கா அப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அந்த வாரமே கண்மூடினார்.

நோயில் துணை நின்ற எங்கள் பிளாக்குக்காரர்களுக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், அடக்கத்தன்று பெட்டிக்கு முன்னால் நடந்து வந்த ஐயருக்கும், தினமும் வேலை முடிந்து வந்து அக்காவுக்குக் கால் பிடித்துவிட்ட அஞ்சலையம்மாளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தான் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போகிறார். மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாயிற்று, ஒருத்தியைத் தவிர. தினமும் சாயங்காலம் துவைக்கும் கல் வரைக்கும் போய் நிற்கிறேன். 'போயிட்டு வாரேன்' என்றால் பொய். 'போறேன்' என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.